ஏனோக் பார்டோ சிரித்த படம்

ஏனோக் பார்டோ சிரித்து, இங்கிலாந்தில் எங்கள் லட்லோ ஊரில், பார்த்தவர் ஒரே ஒருவர்தான். அவர் மனைவி கெசையா. அதுவும் வாசல் கதவைத் தாழ்போட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்ட பிறகு. மற்ற எல்லாருக்கும் அவர் நீளமான, வற்றிப்போன, இழவு விழுந்த ஒரு முகம். எதிரே வந்தால் பெண்கள் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவார்கள். பாவம், மனிதர் ரொட்டி வாங்கத்தான் போய்க்கொண்டிருப்பார்.

தொழில் அப்படி. ஈமக் காரியங்களை ஏற்பாடு செய்துதரும் ப்ரீஸ் முதலாளியிடம் அவர் ‘ஊமை’யாக இருந்தார். பேச்சு நன்றாகவே வரும். வேலைக்குத்தான் அந்தப் பெயர். வசதியான வீட்டில் சாவு விழுந்தால் உயரமான தொப்பி, கறுப்புப் பட்டை, கறுப்புத் துணி சுற்றிய கோல் சகிதம் வாசலில் போய் நிற்க வேண்டும். பேசக் கூடாது, அசையக் கூடாது. அந்த வீட்டுத் துக்கம் மொத்தத்தையும் முகத்தில் வாங்கிக்கொண்டு, பெட்டி வெளியே வரும்வரை நிற்க வேண்டும். புருஷனை இழந்த ராணியே கறுப்பைக் கழற்றாத காலம் அது. வாசலில் ஊமை நிற்காத சாவை எங்கள் ஊரில் யாரும் மதிப்பதே இல்லை.

ப்ரீஸ் முதலாளி குட்டையான, பக்தியான, கறாரான ஆள். ஏனோக்கை வேலைக்கு எடுத்த அன்றே சட்டம் போட்டுவிட்டார்.

“இன்னிக்கு நீ கடைத்தெருவுல பல்லக் காட்டுனா, நாளைக்கு உன் அழுமூஞ்சிய எவன்யா நம்புவான்? நான் சம்பளம் குடுக்கறது உன் கைகாலுக்கு இல்ல, உன் மூஞ்சிக்கு. ஞாயித்துக்கிழமையிலயும் அது என் மூஞ்சிதான், ஞாபகம் வெச்சுக்க.”

இருபது வருஷம் ஏனோக் அதை ஞாபகம் வைத்துக்கொண்டார்.

ஆனால் ஒன்று. வாசலில் நிற்கிற ஊமைக்குத் துக்கம் ஒரு கஷ்டமே இல்லை. சிரிப்புதான் எமன். சாவு வீட்டில் நடக்கிற கூத்து வேறெங்கும் நடக்காது. ஒரு முறை பழைய கர்னல் ஒருவரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசற்படியைத் தாண்டுகிறார்கள். அவர் வளர்த்த கிளி உள்ளேயிருந்து அச்சாக அவர் குரலில், “எங்கடா போறீங்க? திரும்புங்கடா! கதவச் சாத்துங்கடா!” என்று அதட்டியது. தூக்கியவர்கள் எல்லாரும் கர்னலின் பழைய சிப்பாய்கள். அப்படியே விறைத்து நின்று, திரும்பி, பெட்டியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே பாதிரியார், குதிரை வண்டி, ஊர். வாசலில் ஏனோக். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. வந்த சிரிப்பை முழுசாக விழுங்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் கதவைத் தாழ்போட்டுவிட்டு, கர்னலாகவும் கிளியாகவும் சிப்பாய்களாகவும் அவரே மாறி மாறி நடித்துக் காட்டினார். கெசையாவுக்குத் தின்றுகொண்டிருந்த பன்றிக்கறிப் பணியாரம் புரையேறிவிட்டது. இப்படி எத்தனை இழவு வீட்டுக் கதைகள்! அவள் கையுறை தைக்கிறவள். தைக்கும் இடத்தில் மற்றப் பெண்கள், “அந்தப் பொணமூஞ்சியோட எப்படிடி காலந்தள்றே?” என்று பரிதாபப்படுவார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். லட்லோவிலேயே பெரிய சிரிப்புக்காரன் என் புருஷன்தான் என்று கத்த வேண்டும்போல் இருக்கும். கத்தினால் பிழைப்பில் மண் விழும். கையுறையில் ஊசியை நறுக்கென்று குத்திவிட்டுச் சும்மா இருப்பாள்.

மிஸ் ஓக்லி வந்து சேர்ந்தது இவர்கள் இருவர் வாழ்க்கைக்குள்தான். இறந்துபோன டாக்டரின் மகள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அப்பா திராட்சைக் கொடி வளர்த்த கண்ணாடி வீட்டை, கொடியை வெட்டாமலே, படம் பிடிக்கும் கூடமாக மாற்றிக்கொண்டாள். படமெடுக்கும் மருந்து பட்டுப் பட்டு அவள் விரலெல்லாம் கறுத்திருக்கும். தேவாலயத்துக்கும் அதே விரலோடு கையுறை போடாமல் வருவாள். அவளைப் பற்றிப் பேசாத வாய் ஊரில் இல்லை.

லண்டனில் ஒரு கவிஞர் நீண்ட கதைப்பாட்டு ஒன்று எழுதியிருந்தார். ஆல்ட்ரிக் என்ற ராஜா போருக்குப் போகிறான், காயம்படுகிறான், காட்டில் தொலைகிறான். செத்துவிட்டான் என்று ஊர் முடிவு கட்டுகிறது. கடைசியில் அவன் வீடு வந்து சேர்கிறபோது அங்கே அவனுக்கே சாவுச் சடங்கு நடந்துகொண்டிருக்கிறது. ராஜா வாசலில் நின்று சிரிக்கிறான். பாட்டு அந்தச் சிரிப்போடு முடிகிறது. இந்தப் பாட்டுக்கு ஓவியம் வேண்டாம், உயிருள்ள மனிதர்களை நிறுத்திப் புகைப்படமே எடுத்து ஒட்டுகிறேன் என்று மிஸ் ஓக்லி பதிப்பாளரிடம் அடித்துப் பேசிச் சம்மதம் வாங்கியிருந்தாள். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. சிரிக்கிற ராஜா இல்லாமல் புத்தகம் இல்லை.

ராஜாவுக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்தாக வேண்டும். லென்ஸ் மூடியைக் கழற்றியதும் பரமண்டல ஜெபத்தை நிதானமாக ஒரு தடவை மனசுக்குள் சொல்லி, ஆமென் வந்ததும் மூடுவாள். அதுதான் அவள் கணக்கு. அதுவரை எதிரே நிற்கிறவர் கல்லாக நிற்க வேண்டும். முதலில் இளம் பாதிரியார் ராஜா வேஷம் கட்டினார். கிரீடத்தைக் கண்டதும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தலை ஆடிக்கொண்டே இருந்தது. படத்தில் ராஜாவுக்கு இரண்டு மூக்கு. அடுத்து வந்த கசாப்புக் கடைக்காரர் தும்மினார். அந்தப் படத்தில் தலையே இல்லை.

அந்தச் சமயத்தில் அவள் அத்தை ஒருத்தி இறந்துபோனாள். துக்கத்துக்குப் போன மிஸ் ஓக்லி வாசலிலேயே நின்றுவிட்டாள். ஊமையின் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அது மூக்கின் மேல் ஏறி, நெற்றியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கண்ணோரம் இறங்கி, உதட்டின் மேல் சாவகாசமாக நடந்தது. மனிதர் இமைக்கவில்லை.

“ஐயா, உங்க பேரென்ன?” என்றாள்.

ஏனோக் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எங்கிட்ட ராஜாவா நிக்கறீங்களா?”

ஈ மட்டும் உதட்டை விட்டுக் காதுக்கு நகர்ந்தது.

“சரி, பேசக் கூடாதா? சம்மதம்னா ஒரு தடவ கண்ண மூடித் திறங்க.”

அத்தை உள்ளே கிடக்கிறாள், இவள் வாசலை விட்டு நகரவில்லை. வந்தவர்களெல்லாம் துக்கத்தால் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று நினைத்தார்கள். கடைசியில் ஏனோக் கண்ணை மூடித் திறந்தார். அத்தையை அப்புறம்தான் போய்ப் பார்த்தாள்.

ப்ரீஸ் முதலாளி தடை சொல்லவில்லை. சோகமான ராஜா என்றதும் அவருக்குச் சந்தோஷம், கடைக்கு நல்ல விளம்பரம். கோடை முழுக்க, சாவு விழாத நாட்களில் ஏனோக் கண்ணாடி வீட்டில் நின்றார். போருக்குப் புறப்படும் ராஜா, காயம்பட்டு மரத்தில் சாய்ந்த ராஜா, காட்டில் வழி தவறிய ராஜா. ஒவ்வொரு தகடும் மருந்துத் தண்ணீரில் தெளிந்து வரும்போது மிஸ் ஓக்லி குதிப்பாள். “கண் இமைல ஒவ்வொரு மயிரும் தெரியுது, பாருங்க பார்டோ! லண்டன்ல எவன்கிட்டயும் இப்படி ஒரு படம் கிடையாது!” ஏனோக் பார்ப்பார். அந்த முகத்தை அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் சொல்லவில்லை.

மிச்சம் இருந்தது சிரிப்பு.

அதை எடுக்கப்போன அன்று எல்லாம் கெட்டது. சிரிக்கச் சொன்னதும் ஏனோக்கின் தாடை இறுகிப் பூட்டிக்கொண்டது. உதட்டைப் பிரித்தார், பல்வலிக்காரனின் முகம் வந்தது. மறுபடி முயன்றார், இன்னும் மோசம். கெசையா தவிர வேறு யாராவது பார்க்க அவர் சிரித்து இருபது வருஷம் ஆகிறது. போதாக்குறைக்கு, கிரீடம் பறிபோன கோபத்தில் இருந்த இளம் பாதிரியார் விஷயத்தை ப்ரீஸிடம் ஊதிவிட்டார். முதலாளி ஏனோக்கை லாயத்துக்குப் பின்னால் கூப்பிட்டு நிறுத்தினார்.

“பார்டோ, கேட்டுக்க. உன் பல்லு தெரியற படம் ஒண்ணு வெளிய வந்துச்சு, அப்புறம் என் முற்றத்துல கால வைக்காத. இந்த வயசுல உனக்கு வேற எவன்யா வேலை குடுப்பான்?”

ஏனோக் மிஸ் ஓக்லியிடம் போய், “என்னால முடியாதும்மா, விட்டுருங்க,” என்று சொல்லிவிட்டு வந்தார். அவள் திட்டவில்லை, கெஞ்சவில்லை. எடுத்து வைத்த தகடுகளைத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள். அதைப் பார்க்கத்தான் அவருக்கு என்னவோ செய்தது.

வீட்டில் கெசையா எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் தைத்துக்கொண்டிருந்த கையுறையை மேஜைமேல் விட்டெறிந்தாள்.

“ஏன்யா, நாளைக்கு நீயே செத்துப்போனா உன்ன எந்த மூஞ்சியோட நினைப்பாங்க?”

“ஊரு எப்படி நினைச்சா என்னடி?”

“ஊரா? ஊரு கெடக்கட்டும். எனக்குன்னு ஒரு படம் இருக்கா? எனக்குத் தெரிஞ்ச ஏனோக்கு எந்தத் தகட்டுலயாவது இருக்கானா? அந்தம்மா எடுத்ததெல்லாம் ப்ரீஸோட மூஞ்சி. எம் புருஷன இன்னும் யாரும் எடுக்கல.”

“வேலை போயிரும், கெசையா.”

“போவட்டும்! நான் ராத்திரி பகலா தைக்கறேன். கல்லுடைக்கப் போயேன், என்ன கெட்டுப்போச்சு? கல்லப் பாத்து அழணும்னு எவனும் சொல்ல மாட்டான்.”

சொல்லிவிட்டு அவளே அழுதுவிட்டாள். ஏனோக் அடுப்புக் கரியைக் கிளறிவிட்டார். பிறகு எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்கினார். தெருவில் போன பால்காரி நிமிர்ந்து பார்த்தாள். அவளைப் பார்த்து ஏனோக் சிரித்தார். பால்காரி வாளியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை, பால் மட்டும்தான் சிந்தியது.

மறுநாள் காலை நல்ல வெயில். கண்ணாடி வீட்டில் ஒரு பழைய களஞ்சியக் கதவை நிறுத்தி, அதை ராஜாவின் வாசலாக்கியிருந்தாள் மிஸ் ஓக்லி. ஏனோக் கிரீடத்தோடு படியில் நின்றார். கெசையா கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். தகட்டில் மருந்து பூசியாகிவிட்டது. அது கடைசிப் புட்டியின் அடி மருந்து. இந்தத் தகடு போனால் அடுத்த புட்டி லண்டனிலிருந்து வருவதற்குள் பதிப்பாளரின் கெடு முடிந்துவிடும்.

“கர்னல் வீட்டுக் கிளிய நினைச்சுக்கய்யா,” என்றாள் கெசையா.

ஏனோக்கின் கண் முதலில் சிரித்தது. பிறகு கன்னம், பிறகு வாய். மிஸ் ஓக்லி மூச்சை இழுத்துக்கொண்டு லென்ஸ் மூடியைக் கழற்றினாள்.

கண்ணாடி வீட்டின் கதவு படீரென்று திறந்தது. பால்காரியின் கதையைக் கேட்டுவிட்டு ஓடிவந்த ப்ரீஸ் முதலாளி.

“பார்டோ! இறங்குய்யா கீழ! நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்ணிட்டு நிக்கற?”

ஏனோக் அசையவில்லை. ப்ரீஸ் கையை ஆட்டிக்கொண்டு வந்தார். இன்னும் நாலு எட்டு வைத்தால் லென்ஸுக்கு முன்னால் வந்துவிடுவார். கெசையா எழுந்து குறுக்கே நின்றாள். சின்ன உருவம், ஆனால் நகர்த்த முடியாது. ப்ரீஸ் அவளைச் சுற்றி அந்தப் பக்கமாக வரப் பார்த்தார். சிரித்தபடி நிற்கிற மனிதரின் முகத்தில் அந்தச் சிரிப்பு தளர ஆரம்பித்ததைக் கெசையா பார்த்துவிட்டாள். இருபது வருஷப் பயம் லேசில் போகுமா? ஓரத்து உதடு ஒரு நூல் இறங்கியது.

அப்போது மிஸ் ஓக்லி, வழக்கமாக மனசுக்குள் சொல்லும் கணக்கை, கணீரென்று உரக்க ஆரம்பித்தாள்.

“பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே...”

ப்ரீஸின் கால் நின்றுவிட்டது. தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர் அவர். எத்தனை கல்லறைக் குழிகளுக்குப் பக்கத்தில் நின்று இந்த ஜெபத்துக்குத் தலை குனிந்திருப்பார்! உடம்பு தானாகவே கேட்டது. கை தொப்பிக்குப் போனது, தலை குனிந்தது, வாய் முணுமுணுத்தது: “உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக...” கழற்றிய தொப்பியை நெஞ்சோடு வைக்க இழுத்தால், அதன் கறுப்பு நாடா மேலிருந்து தாழத் தொங்கிய திராட்சைக் கொடியில் மாட்டிக்கொண்டது. ஜெபத்தை நிறுத்தவும் முடியாது, தொப்பியை விடவும் மனமில்லை. கண்ணை மூடிக்கொண்டு, “எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்று சொல்லிக்கொண்டே கொடியோடு மல்லுக்கட்டினார். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு பழுத்த திராட்சை அவர் வழுக்கைத் தலையில் சொத்தென்று விழுந்தது.

இதையெல்லாம் ஏனோக் நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷம் வாசல் வாசலாகச் சிரிப்பை விழுங்கிப் பழகிய உடம்பு. இப்போது விழுங்க வேண்டாம், சிந்தவும் கூடாது. நிரம்ப நிரம்ப அப்படியே பிடித்து வைக்க வேண்டும். இறங்கிய உதடு ஏறியது. கண்ணில் தண்ணீர் கட்டியது. மார்பு குலுங்கவில்லை, கிரீடம் ஆடவில்லை. அந்த வேலையை இந்தப் பூமியில் வேறொருவன் செய்திருக்க முடியாது என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

“ஆமென்,” என்றாள் மிஸ் ஓக்லி. “ஆமென்,” என்றார் ப்ரீஸ். லென்ஸில் மூடி விழுந்தது.

அதற்குப் பிறகுதான் ஏனோக் வாய்விட்டுச் சிரித்தார். படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கிரீடம் உருண்டோடச் சிரித்தார். கெசையாவும் சேர்ந்துகொண்டாள். மிஸ் ஓக்லி தகட்டைத் தூக்கிக்கொண்டு இருட்டறைக்கு ஓடினாள். ப்ரீஸ் தொப்பியைப் பிய்த்தெடுத்து, தலையைத் துடைத்துக்கொண்டு, “உன் கணக்கு முடிஞ்சு போச்சுய்யா, பார்டோ. இனிமே என் மூஞ்சில முழிக்காத,” என்று சொல்லிவிட்டுப் போனார். ஏனோக்கின் சிரிப்பு நிற்கவே இல்லை.

இருட்டறையிலிருந்து வந்த கூச்சல் தெருவரை கேட்டது. “வந்துருச்சு! வந்துருச்சு, பார்டோ! கண்ணுல இருக்கற தண்ணிகூட வந்துருச்சு!”

வேலை போனது போனதுதான். அந்தக் குளிர்காலம் முழுக்க ஏனோக் க்ளீ மலையில் கல்லுடைத்தார். கை வெடித்தது, முதுகு பிடித்துக்கொண்டது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவரைச் சுற்றிக் கூட்டம் கூடியது. கிளிக்கதையைக் கேட்டுக் கல்லுடைக்கிறவர்கள் புரண்டு சிரித்தார்கள். இன்னொன்று, இன்னொன்று என்று நச்சரித்தார்கள். வீட்டில் ரொட்டி மெலிந்தது. கெசையா ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. பயம் மட்டும் இருந்தது இருவருக்கும். ஐம்பது தாண்டியவர், எத்தனை நாள் சம்மட்டி தூக்குவார்?

வசந்தத்தில் புத்தகம் வந்தது. பிராட் தெருப் புத்தகக் கடைக்காரர் அதைக் கடைசிப் பக்கத்தில் விரித்து ஜன்னலில் வைத்தார். ஊரே வந்து பார்த்தது. “யாருடி இது, எவ்வளவு அழகா சிரிக்கறாரு! லண்டன் நடிகரா?” என்று கேட்டார்கள் கையுறை தைக்கும் பெண்கள். கெசையா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “எம் புருஷன்,” என்றாள். “நல்லாப் பாத்துக்கங்கடி. பொணமூஞ்சி!” அன்று அவள் வீட்டுக்கு நடந்த நடையை ராணிகூட நடந்திருக்க மாட்டாள்.

சத்திரக்காரர் ஜேபெஸ் டிப்டன் அந்த ஜன்னலுக்குத் தினமும் வந்தார். ஊருக்கெல்லாம் பியர் ஊற்றிச் சிரித்தே வாழ்ந்த மனிதர். “இந்த மூஞ்சியப் பாத்தா எனக்கும் சிரிப்பு வருதுய்யா,” என்று கண்ணாடியைத் தட்டிச் சொல்வார். கோடை தொடங்குவதற்குள் நெஞ்சு வலித்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

ப்ரீஸ் முதலாளி பெட்டிக்கு அளவெடுக்கப் போனார். பெரிய சாவு, பெரிய வண்டி, இறகு சூடிய குதிரைகள் எல்லாம் பேசியாயிற்று. டிப்டனின் விதவை லோயிஸ் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கட்டையாக உட்கார்ந்திருந்தாள். ஊமை என்ற பேச்சு வந்தபோது மட்டும் வாயைத் திறந்தாள்.

“பார்டோதான் நிக்கணும்.”

“அவன் இப்ப எங்கிட்ட இல்லீங்கம்மா. புதுசா ஒருத்தன்...”

“அப்ப நீங்களும் வேண்டாம். ஷ்ரூஸ்பரி டவுன்ல வேற ஆளுக்குச் சொல்லியனுப்பிக்கறேன்.”

ப்ரீஸ் க்ளீ மலைக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார். கல்தூசியில், எல்லாரும் பார்க்க, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். “வாய்யா பார்டோ,” என்றார். “வேலை உன்னுதுதான்.” பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சேர்த்துச் சொன்னார்: “மூஞ்சியும் உன்னுதே.”

அடக்கத்தன்று ஏனோக் சத்திரத்து வாசலில் நின்றார். உயரமான தொப்பி, பட்டை, கோல் எல்லாம் பழையபடி. வந்தவர்கள் படியேறி நிமிர்ந்தார்கள், அங்கே அந்தச் சிரிப்பு நின்றது. பல்லை இளிக்கிற சிரிப்பு இல்லை. வீடு வந்து சேர்ந்தவனின் சிரிப்பு. அத்தனை வருஷம் அழுமூஞ்சியோடு நின்றபோது ஒருவரும் அவரைப் பார்த்து அழுததில்லை. அன்று குதிரைக்காரர்கள் அழுதார்கள், கசாப்புக் கடைக்காரர் அழுதார், கடன் வைத்த குடிகாரர்கள் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள்.

லோயிஸ் டிப்டன் பெட்டிக்குப் பின்னால் வந்தவள் வாசலில் நின்றாள். ஏனோக்கின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கையாலும் அவர் கோல் பிடித்த கையைப் பற்றிக்கொண்டாள்.

“இப்படித்தான்யா நிப்பாரு,” என்றாள். “தினமும் இந்த வாசல்ல இப்படித்தான் நிப்பாரு எம் மனுஷன்.”

சொல்லிவிட்டு, மூன்று நாளாக வராத அழுகையை அவர் தோளில் சாய்ந்து அழுது தீர்த்தாள். ஏனோக் அசையவில்லை. அவர் கன்னத்திலும் தண்ணீர் இறங்கியது. சிரிப்பு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.